லயத்துச் சுவரும் தென்துருவமும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

கவ்வாத்து முடிந்ததும் தேயிலைக் கட்டையில் அப்பாவோடு பாசி சுரண்டியதைப் பற்றி நீங்கள் எழுதியதை வகுப்பில் வாசித்தேன். "அந்தாட்டிக்காவிலும் பாசி இருக்காமே டீச்சர், மரம் மட்டை இல்லாத ஊருக்கு அது எப்படிப் போச்சு?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டாள். எங்கள் லயத்துச் சுவரில் இருப்பதும் அதுவும் ஒன்றா?

– ஓர் ஆசிரியை, அட்டன்

அன்புத் தங்கைக்கு,

சுவரில் பல வகைப் பாசி இருக்கும். அவற்றில் ஒன்றையாவது 'அதுவேதான்' என்று சொல்லலாம். கான் ஓரத்துச் சீமெந்து வெடிப்பில் சாம்பல் பூசியதுபோல் மினுங்குகிறதே, அந்த வெள்ளிப்பாசி. பிரையம் ஆர்ஜென்டியம் என்பது அதன் தாவரவியல் பெயர். இலை நுனியில் பச்சையம் இல்லாததால் அந்த வெள்ளை. உலகத்து நகரங்களின் நடைபாதைகளிலெல்லாம் இருக்கிறது, அந்தாட்டிக்காப் பாறையிலும் இருக்கிறது.

அங்கே இயற்கையாக வளரும் பூக்கும் தாவரங்கள் இரண்டே இரண்டு. பாசியோ நூறு வகைக்கு மேல். அவற்றில் கணிசமானவை வட துருவப் பக்கமும் உண்டு, நடுவிலுள்ள வெப்ப நாடுகளில் அநேகமாகக் காணோம். கண்டங்கள் ஒட்டியிருந்த காலத்து மிச்சம் என்று ஒரு விளக்கம் இருந்தது. மரபணுவை ஒப்பிட்டபோது, பல வகைகள் பிரிந்தது அதற்கு எவ்வளவோ பிற்பாடு என்று தெரிந்தது. அப்படியென்றால் பயணம் செய்துதான் போயிருக்கின்றன. பாசியின் வித்தி, அதாவது விதைக்குப் பதிலாக அது பரப்பும் துகள், தூசியை விடச் சிறியது, காற்றே போதும். பறவையும் உதவியிருக்கலாம். வட துருவத்தில் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே பறக்கும் கரைப்பறவைகளின் இறகுகளில் பாசித் துணுக்குகள் இருந்ததை 2014இல் வெளியிட்டார்கள். சில வகைகள் அந்தீஸ் போன்ற உயர்ந்த மலைகளில் தங்கித் தங்கிப் போயிருக்கின்றன, கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் மடத்துக்கு மடம் தங்குவதுபோல.

ஆனால் எனக்குப் போய்ச் சேர்ந்ததை விட அங்கே பிழைத்துக் கிடப்பதுதான் அதிசயம். உருகிய தண்ணீர் கிடைப்பது கோடையில் கொஞ்சக் காலம். மற்ற நாளெல்லாம் உறைந்தோ காய்ந்தோ கிடக்கவேண்டும். வருடத்துக்குச் சில மில்லிமீற்றர் வளர்ந்தாலே பெரிய காரியம். உரத்துக்கு எங்கே போவது? கிழக்கு அந்தாட்டிக்காவில் கேசி என்ற அவுஸ்திரேலிய ஆய்வு நிலையத்தருகே உள்ள பாசிப் படுகைகள், ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் பெங்குவின்கள் விட்டுப்போன எச்சத்தின் நைதரசனை இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கின்றன. நம் தோட்டத்துப் பட்டிக் குப்பை இரண்டு மழைக்குத் தாங்காது!

அந்தாட்டிக்காப் பக்கத்துச் சிக்னி தீவின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அங்கே உறைந்த பாசிப் படிவில் ஒரு மீற்றருக்குக் கீழிருந்து துண்டெடுத்து, இங்கிலாந்தில் ஓர் ஆய்வுகூடத்தில் ஈரமும் வெளிச்சமும் கொடுத்து வைத்தார்கள். சில வாரங்களில் துளிர்த்தது. அது உறைந்து சுமார் 1,500 வருடம். புது வித்தி விழுந்து முளைத்ததல்ல, பழைய தண்டிலிருந்தே துளிர்.

இப்போது அங்கே கப்பலில் போகிறவர்கள் கரையிறங்குமுன் சப்பாத்தின் அடியைச் சுரண்டிக் கழுவவேண்டும், வெளியூர் விதையோ வித்தியோ ஒட்டிக்கொண்டு போகக்கூடாதென்று. அப்பா கேட்டால் சிரிப்பார், அவர் சுரண்டியது எதுவும் ஒருபோதும் ஒழிந்ததில்லை.

அந்தப் பிள்ளையிடம் கான் ஓரத்து வெள்ளிப்பாசியில் ஒரு துண்டு எடுத்துவரச் சொல்லுங்கள். நன்றாகக் காயவைத்து, கைவில்லை வழியே பார்த்தபடி ஒரு சொட்டுத் தண்ணீர் விடட்டும். அது மறுபடி உயிர்ப்பதைப் பார்க்கப் பாடவேளை முடியும்வரை காத்திருக்க வேண்டியிராது.