'யூஸ்டு டு': இன்னும் செய்கிறீர்களா, விட்டுவிட்டீர்களா?

கேள்வி: வேலைக்கான நேர்முகத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். "ஐ யூஸ்டு டு ப்ளே ஷட்டில்" என்றேன். "ஏன் நிறுத்திவிட்டீர்கள்?" என்றார்கள். நான் நிறுத்தவே இல்லையே! எங்கே தவறு?

பதில்: 'யூஸ்டு டு ப்ளே' என்றால் முன்பு விளையாடிக்கொண்டிருந்தேன், இப்போது இல்லை என்றுதான் பொருள். அவர்கள் கேட்டது சரியே.

தவறின் வேர் நம் தமிழில் இருக்கிறது. "தினமும் ஐந்து மணிக்கு எழுந்திருப்பேன்" என்பது இன்றைய வழக்கம். "சின்ன வயதில் ஆற்றில் குளிப்பேன்" என்பது பழைய வழக்கம். இரண்டுக்கும் நமக்கு ஒரே 'பேன்' போதும். ஆங்கிலத்தில் போதாது. இன்றைய வழக்கத்துக்கு வெறும் நிகழ்காலம்: "ஐ ப்ளே ஷட்டில் ஆன் சண்டேஸ்." அலுவலக மின்னஞ்சலில் கூடுதல் கவனம் வேண்டும். "ஐ யூஸ்டு டு செண்ட் த ரிப்போர்ட் எவ்ரி மண்டே" என்று எழுதினால், இப்போது அனுப்புவதில்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

முன்னால் 'ஆம்', 'இஸ்', 'ஆர்' வந்தால் பொருள் மாறும். "ஐ ஆம் யூஸ்டு டு த ஹீட்": வெயில் எனக்குப் பழகிவிட்டது. இங்கே 'டு'வுக்குப் பிறகு வினைச்சொல் வந்தால் 'இங்' சேர்க்க வேண்டும்: "ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் அட் நைட்." 'வொர்க்' என்று நிறுத்துவது பிழை, நன்றாக எழுதுபவர்களும் சறுக்கும் இடம் இதுதான். இன்னும் பழகிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் 'கெட்டிங் யூஸ்டு டு'.

"திஸ் நைஃப் இஸ் யூஸ்டு டு கட் ஃப்ரூட்" என்பது வேறு. பழம் நறுக்கப் பயன்படும் கத்தி. எழுத்து ஒன்றுதான், உச்சரிப்பு வேறு. தொண்டையில் விரல் வைத்துச் சொல்லிப் பாருங்கள். இதில் 'ஸ்' ஒலிக்கும்போது தேனீ ரீங்காரம்போல் அதிரும். முந்தைய இரண்டிலும் அந்த இடத்தில் அதிர்வு இராது, வெறும் காற்றுதான்.

பழைய வழக்கத்தை எதிர்மறையில் சொல்ல 'டிடின்ட் யூஸ் டு' என்று எழுதுங்கள். 'யூஸ்டு'வின் கடைசி 'டி' எழுத்து போய்விடும்.

நேர்முகத்தில் பழைய வேலையைச் சொல்லும்போதும் ஒரு சிக்கல் உண்டு. "ஐ யூஸ்டு டு வொர்க் தேர்" சரி. ஆனால் மூன்று ஆண்டு என்று கால அளவு சேர்த்தால் 'யூஸ்டு டு' பொருந்தாது: "ஐ வொர்க்டு தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்."