மாதம் தவறாமல் வரும் தோள்வலி

கேள்வி: எனக்கு 31 வயது. மாதவிடாய் தொடங்கியதும் வலது தோள் உளையும், மூச்சை இழுத்தால் குத்தும். மூன்று, நான்கு நாளில் தானாகப் போய்விடும். ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, அடிவயிற்று ஸ்கான் எல்லாமே நோர்மல். ‘வாயு’ என்கிறார் டொக்டர். தையல் மெஷினில் குனிந்திருப்பதால்தான் என்கிறார் மாமி. எல்லாம் என் பிரமையோ?
— வாசகி, உப்புவெளி, திருகோணமலை

பதில்: பிரமை இல்லை, தங்கச்சி. தையல்தான் காரணமென்றால் மாதம் முழுக்க நோகவேண்டுமே! உங்கள் வலி மாதவிடாயோடு வந்து அதோடேயே போகிறது. இதை டொக்டரிடம் சொன்னீர்களா? தோள்வலி என்று போகிறவளிடம் மாதவிடாய்த் திகதியை யாரும் கேட்பதில்லை. கூச்சத்தில் நாமும் சொல்வதில்லை. நோய் பிடிபடாமல் வருடக்கணக்கில் இழுபடுவது இப்படித்தான்.

கருப்பையின் உட்சவ்வைப் போன்ற இழையம் கருப்பைக்கு வெளியே வளர்வதுதான் எண்டோமெற்றியோசிஸ். பெரும்பாலும் அடிவயிற்றில். ஆனால் சிசேரியன் தழும்பில், தொப்புளில், அபூர்வமாக நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்திலும் வரும். உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோளின் உணர்ச்சி நரம்புகளும் அங்கிருந்தே புறப்படுகின்றன. அதனால் உதரவிதானத்தில் உள்ள நோவு தோளில் தெரியும், அநேகமாக வலப்பக்கத்தில். உங்களுக்கும் இதுதான் என்று கடிதத்தை வைத்துச் சொல்லமாட்டேன். பித்தப்பைக் கல்லும் வலது தோளில் நோவைக் காட்டும். ஆனால் மாதாமாதம் இப்படி வருவதைத் தேடிப் பார்க்காமல் விடக்கூடாது.

ஸ்கான் நோர்மல் என்பதோடு விட்டுவிடாதீர்கள். அடிவயிற்று ஸ்கானில் உதரவிதானம் தெரியாது. வலியில்லாத நாளில் எடுத்த எக்ஸ்ரேயும் சுத்தமாகவே இருக்கலாம். வயிற்றில் சிறு துளையிட்டு, கமரா விட்டுப் பார்க்கும் லப்பிரஸ்கோப்பி செய்தாலும் ஈரல் அந்த இடத்தை மறைக்கும். தோள்வலி பற்றி முன்பே தெரிந்தால்தான் சத்திரசிகிச்சை நிபுணர் அங்கே தேடுவார்.

வலி வந்த திகதியையும் மாதவிடாய்த் திகதியையும், நினைவில் உள்ளவரை, ஒரே தாளில் எழுதுங்கள். அதை மாவட்டப் பொது வைத்தியசாலையில் காட்டி, பெண்நோயியல் கிளினிக்குக்குத் துண்டு கேளுங்கள். பிள்ளைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றால் அதையும் சொல்லுங்கள். இதற்குக் கொடுக்கும் ஹோர்மோன் மருந்துகள் பல கருத்தரிப்பைத் தடுக்கும். மாமியையும் கூட்டிப்போனால் நல்லது, நிபுணர் வாயால் கேட்கட்டும்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மாதவிடாய் நாட்களில் திடீரென நெஞ்சு குத்தி மூச்சு முட்டினால், நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுந்து அது சுருங்கியிருக்கலாம். கிளினிக் நாள் பார்க்காமல் உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.