யார் கை பட்ட கீறல்?

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். நான் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வசிக்கிறேன். நான்கு மாதங்களாக ஹரிகேன் போர் விமானத்தின் 1/48 அளவுப் பிளாஸ்டிக் மாதிரி ஒன்றைச் செய்துவந்தேன். 1944இல் பர்மா எல்லையில் பறந்த இந்திய விமானப்படையின் ஹரிகேன் அது. சென்ற வாரம் நல்ல மழை நாளில் கடைசிப் பூச்சாகப் பளபளப்பில்லாத மேட் வார்னிஷை ஏர்பிரஷ்ஷில் அடித்தேன். காய்ந்ததும் இறக்கை முழுவதும் பாலை ஊற்றியதுபோல் வெளுத்துவிட்டது. இதைச் சரிசெய்ய வழி உண்டா, அல்லது எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டுமா? நாற்பது வயதில் பொம்மை எதற்கு, அதுவும் வெள்ளைக்காரன் விமானம் எதற்கு என்று என் மைத்துனர் கேட்கிறார். போர்க்கருவியை இப்படி அழகுபார்ப்பது தவறோ என்று எனக்கே சில சமயம் தோன்றுகிறது. படங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகர், லாஸ்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

மைத்துனருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 1944இல் இம்பால் போரின்போது அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்க்வாட்ரன் ஓட்டியது ஹரிகேன்தான். பிரிட்டிஷ் விமானப்படையின் 79ஆம் ஸ்க்வாட்ரனின் பெயரோடு ‘மதராஸ் பிரசிடென்சி’ என்பதும் ஒட்டியிருந்தது. நம் மாகாணத்தில் திரண்ட நன்கொடைக்காகச் சூட்டப்பட்ட பெயர் அது. அந்த ஸ்க்வாட்ரனும் 1942இல் இந்தியாவுக்கு வந்து பர்மா முனையில் ஹரிகேன்களைப் பறக்கவிட்டது. புதுச்சேரி அப்போது பிரெஞ்சுக்காரர் வசம் இருந்ததே என்று மைத்துனர் நழுவப் பார்த்தால், அது 1940 செப்டம்பரிலேயே, ஜெர்மனியை எதிர்த்துப் போரைத் தொடர்ந்த பிரெஞ்சுத் தளபதி தெ கோலின் பக்கம் சேர்ந்துவிட்டதை நினைவூட்டுங்கள். போர்க்கருவியை அழகுபார்ப்பது பற்றிய உங்கள் சஞ்சலத்தைப் பொறுத்தவரை, நான்கு மாதம் எட்டிப்பார்க்காமல் இருந்துவிட்டு வார்னிஷ் வெளுத்த பிறகுதான் அது வந்திருக்கிறது என்பதை மட்டும் கவனித்தேன்.

படங்களுக்கு வருகிறேன். விமானியின் இருக்கைப் பட்டைகளை மாத்திரை அட்டையின் தாளில் வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். கொக்கியின் துளைகூடத் தெரிகிறது. அதை மட்டும் வெகுநேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டச் சின்னத்தில் சிவப்பை விலக்கி, அடர்நீலத்தையும் வெளிர்நீலத்தையும் மட்டும் வைத்ததும் சரி. ஜப்பானிய விமானங்களில் சிவப்பு வட்டம் இருந்ததால், நம்மவர்களே குழம்பிச் சுட்டுவிடக் கூடாது என்று இந்தப் போர்முனையில் சிவப்பை எடுத்துவிட்டார்கள். இவ்வளவு தேடிப் படித்த நீங்கள், விமானத்தின் பின்பாதியில், வர்ணம் பெயர்ந்து உலோகம் தெரிவதுபோல், எதற்காக வெள்ளிப் பொட்டுகளைத் தெளித்து வைத்தீர்கள்? வெளுத்த வார்னிஷைவிட அதுதான் என்னை உறுத்துகிறது.

ஹரிகேனின் மூக்குப் பகுதிக்குத்தான் உலோகத் தகடு. விமானியின் இருக்கைக்குப் பின்னால் இருப்பது எஃகுக் குழாய்களால் ஆன சட்டம். அதன்மேல் மரச் சட்டங்களை வைத்து, லினன் துணியைப் போர்த்தி, டோப் என்னும் பூச்சைத் தடவி முரசுத் தோல்போல இறுக வைத்திருப்பார்கள். உங்கள் பிளாஸ்டிக் மாதிரியின் பின்னுடலில் விலா எலும்புபோல வரிவரியாகத் தெரிவது துணிக்கு அடியில் இருக்கும் அந்த மரச் சட்டங்கள்தான். துணி கிழியும், தொய்யும், அதே துணியில் ஒட்டுப் போட்டு மறுபடி டோப் அடிப்பார்கள். பெயர்ந்த இடத்தில் தகடு பளிச்சிடுவதற்கு அங்கே தகடே இல்லை. வால் சுக்கானும் துணிதான், அதிலும் ஏழு பொட்டுகளை எண்ணினேன். ஆனால் விமானி இடது பக்கமாக ஏறும்போது மிதிக்கும், இறக்கை உடலோடு சேரும் இடத்தில், இயந்திர மூடியின் திருகாணிகளைச் சுற்றி, நான்கு பீரங்கிகளுக்கும் குண்டு நிரப்புவதற்காகத் திரும்பத் திரும்பத் திறக்கப்படும் தகடுகளின் ஓரத்தில், அதாவது உண்மையிலேயே உலோகம் தேயும் இடங்களில், உங்கள் விமானம் பெட்டியிலிருந்து இப்போதுதான் இறங்கியதுபோல் இருக்கிறது.

இதில் இவ்வளவு கோபம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். என் அப்பா கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையில் ஏற்றி வைத்திருக்கும் மீன்பிடிப் படகுகளுக்கு வர்ணம் அடிப்பவர். எனக்குப் பன்னிரண்டு வயதானபோது மாமா ஒருவர் புதுச்சேரியிலிருந்து 1/72 ஸ்பிட்ஃபயர் பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை பதினாறு சென்டிமீட்டர்கூட வராத அந்த விமானத்துக்கு, அப்பாவின் டப்பாவில் மிஞ்சிய படகு எனாமலை அப்பி, தகட்டுக் கோடுகளையெல்லாம் மூழ்கடித்துவிட்டு, சண்டையில் அடிபட்டதாகக் காட்டுவதற்காக வெள்ளி வர்ணத்தை இஷ்டத்துக்குத் தொட்டு வைத்தேன். அப்பா அதைக் கையில் வாங்கி விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். வாலின் உச்சியில் இருந்த ஒரு பொட்டைக் காட்டி, “இந்த எடத்துல யாருடா கைய வச்சான்?” என்றார்.

மறுநாள் காலையில் என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போனார். அங்கே ஒரு படகில் வலை இழுக்கும் பக்கம் மட்டும் நீலம் தேய்ந்து, அதற்கு முந்தைய வருடத்துப் பச்சை தெரிந்தது. மறுபக்கத்து நீலம் அப்படியே இருந்தது. முன்னால் நங்கூரக் கயிறு உரசும் இடத்தில் இரண்டு வர்ணமும் போய் மரத்தின் ரேகையே வெளியே வந்திருந்தது. ஒவ்வொரு தேய்மானத்துக்கும் யார், எதனால் என்று என்னைச் சொல்ல வைத்தார். தவறாகச் சொன்னால் மறுபடி பார்க்கச் சொன்னார். வெயில் ஏறிப் பசியில் அழுகை வந்தபோதுதான் வீட்டுக்கு அழைத்துவந்தார். அன்று மாலை இருவருமாகச் சேர்ந்து வெள்ளிப் பொட்டுகளை மூடினோம். இடது இறக்கையின் அடியில் காயாத எனாமலில் அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்துவிட்டது. உப்புத்தாளை எடுத்தவனை, வேண்டாம் விடு என்று அவரே தடுத்துவிட்டார். அது இப்போதும் என் மேசைமேல் இருக்கிறது. அந்த ஒரு குறைக்கு மட்டும் யார் கை என்று என்னால் சொல்ல முடியும்.

ஆகவே சுரண்டாதீர்கள். உங்கள் வார்னிஷுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. அதிலிருக்கும் தின்னர் சட்டென்று ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் பூச்சுக்குள் படிந்து வெளுத்திருக்கிறது. ஐப்பசி மழையில் கடற்கரை ஊரில் வார்னிஷ் அடித்தால் வேறென்ன நடக்கும்? தை பிறந்து காற்று உலரட்டும். அதுவரை பொறுத்திருந்து, பின்பாதியின் பொட்டுகளை அடர்பச்சையாலும் மண்நிறத்தாலும் மூடிவிட்டு, வெயில் நன்றாக ஏறிய பிறகு பளபளப்பான கிளாஸ் வார்னிஷை மெல்லியதாக ஒரு முறை அடியுங்கள். பெரும்பாலும் வெண்மை மறைந்துவிடும். அது முழுக்கக் காய்ந்த பிறகு, இன்னொரு உலர்ந்த நாளில் மேட் பூச்சை அடிக்கலாம். அடுத்த முறை படத்தை இறக்கையின் அடிப்பக்கமிருந்து எடுத்து அனுப்புங்கள். பீரங்கிப் புகையை எந்தத் திசையில் படிய வைத்திருக்கிறீர்கள் என்று நான் பார்க்க வேண்டும்.