குவென்காவை ஒரே நாளில் பார்க்க: முழங்கால் வலி உள்ள அம்மாவோடு

மாட்ரிட்டிலிருந்து ஸ்பெயினின் மலையூரான குவென்காவுக்கு ஒரு நாள், கார் இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி என்கிறீர்கள். முடியும், ஆனால் ஏறிப் பார்க்காதீர்கள், இறங்கிப் பாருங்கள்.

அதிவேக ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். அந்த நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது, நடக்க நினைக்க வேண்டாம். டாக்சி பிடித்து, பழைய நகரின் உச்சியில் உள்ள காஸ்தியோ பகுதிக்கே போய்விடுங்கள். அங்கிருந்து பிளாசா மயோர் என்ற முதன்மைச் சதுக்கம், கதீட்ரல், பாறை விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் தொங்கு வீடுகள் எல்லாம் இறக்கத்தில்தான். கீழிருந்து தொடங்குபவர்கள்தான் பாதியில் மூச்சு வாங்கி உட்காருகிறார்கள். கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும், ரப்பர் அடியுள்ள ஷூ அவசியம்.

தொங்கு வீடுகளின் முழுத் தோற்றம் சான் பாப்லோ பாலத்திலிருந்துதான் கிடைக்கும். இரும்புப் பாலம், மரப்பலகைத் தளம், கீழே உவேகார் பள்ளத்தாக்கு. உயரம் பயம் என்றால் அம்மா இக்கரையிலேயே நிற்கட்டும். தொங்கு வீடுகளுக்குள் இருக்கும் நவீன ஓவிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள் விடுமுறை.

விசித்திர வடிவப் பாறைகள் நிறைந்த சியுதாத் என்காந்தாதா ஊரிலிருந்து சுமார் 30 கி.மீ. தள்ளி. டாக்சியைக் காத்திருக்கச் சொல்லி, கட்டணத்தை முன்பே பேசிக்கொள்ளுங்கள். டோர்மோ ஆல்தோ என்ற காளான் வடிவப் பாறை நுழைவாயில் பக்கமே இருக்கிறது. அடிப்பாறை சீக்கிரம் அரிபட்டு, கடினமான மேல்பாறை தங்கியதால் அந்த உருவம். அதோடு திரும்பிவிடலாம், சுமார் 3 கி.மீ. சுற்றுப்பாதை அந்த முழங்காலுக்கு வேண்டாம். வழியில் வென்தானோ தெல் தியாப்லோ என்ற காட்சிமுனையில் நிறுத்தினால், பாறைத் துளை வழியே ஹூகார் ஆறு பச்சையாகத் தெரியும்.