மார்பக இம்ப்ளான்ட்: மறுபடி ஆபரேஷன் என்றால் என்னென்ன கேட்க வேண்டும்?

கேள்வி: புற்றுநோய்க்காக வலது மார்பகத்தை எடுத்து, கதிர்வீச்சும் கொடுத்து, 2013-ல் சிலிக்கோன் இம்ப்ளான்ட் வைத்தார்கள். இரண்டு வருடமாக அது கல் மாதிரி ஆகி மேலே ஏறிவிட்டது. அந்தப் பக்கம் படுத்தாலே வலி. புதிதாக மாற்றிவிடலாம் என்கிறார்கள். சரி சொல்லலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: சரி சொல்வதற்கு முன்னால், ஏன் கெட்டியானது என்று கேளுங்கள். காரணம் உள்ளேயே இருக்க, இம்ப்ளான்டை மட்டும் மாற்றினால் புதியதும் அதே கதிக்கு வரும்.

இம்ப்ளான்டைச் சுற்றி உடம்பு மெல்லிய நார் உறை ஒன்றைக் கட்டிக்கொள்வது எல்லோருக்கும் நடப்பது. அந்த உறை தடித்துச் சுருங்கி இம்ப்ளான்டை நெரிப்பதுதான் உங்கள் வேதனை. இதை 'பேக்கர்' அளவில் 1 முதல் 4 வரை பிரிப்பார்கள். 3 என்றால் பார்த்தாலே வடிவம் மாறியிருக்கும். வலியும் சேர்ந்தால் 4. நீங்கள் சொல்வது 4. கிருமிப் படலம், உள்ளே தேங்கிய ரத்தம், இம்ப்ளான்டுக்குள் இருக்கும் ஜெல் கசிவது என்று காரணங்கள் பல. உங்களுக்குக் கதிர்வீச்சும் சேர்ந்திருக்கிறது. கதிர்வீச்சு பட்ட தோலும் தசையும் இறுகியே இருக்கும், புண் ஆறுவதும் மெதுவாகத்தான். ஆகவே அடிவயிற்றிலிருந்தோ முதுகிலிருந்தோ சொந்தத் திசுவை எடுத்து மார்பகம் அமைக்க முடியுமா என்று கட்டாயம் கேளுங்கள். ஆபரேஷன் பெரிது, தழும்பும் கூடுதல். ஆனால் ரத்த ஓட்டமுள்ள திசு வருவதால், உறை சுருங்கும் தொல்லையே அங்கே இல்லை.

எதை முடிவு செய்தாலும் பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். இம்ப்ளான்ட் பெட்டியோடு வந்த ஸ்டிக்கர் அதில் ஒட்டியிருக்கும்: கம்பெனி பெயர், சீரியல் எண், எத்தனை சி.சி., மேற்பரப்பு வழவழப்பா சொரசொரப்பா. தசைக்கு மேலே வைத்தார்களா, கீழேயா என்பது ஆபரேஷன் குறிப்பில் இருக்கும். இவை இல்லாவிட்டால் சர்ஜன் திறந்து பார்த்துத்தான் பல விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டிவரும்.

உறையை முழுதாக எடுப்பார்களா என்றும் கேளுங்கள். தசைக்குக் கீழே வைத்திருந்தால், உறையின் பின்பக்கம் விலா எலும்போடு ஒட்டிக்கிடக்கும். வலிந்து உரித்தால் நுரையீரலைச் சுற்றிக் காற்று புகக்கூடும். புற்றுநோய்ச் சந்தேகம் இல்லாதபோது அந்தத் துண்டை மட்டும் விட்டுவைப்பது கவனக்குறைவு ஆகாது. எடுத்த உறை பயாப்சிக்குப் போக வேண்டும்.

கேள்வி: இம்ப்ளான்ட் வைத்து 9 வருடம். ஒரு மாதத்தில் இடது பக்கம் மட்டும் வீங்கிவிட்டது. காய்ச்சல் இல்லை. நீரை உறிஞ்சிவிட்டால் போதுமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: போதாது. தள்ளிப்போடாமல் இந்த வாரமே அல்ட்ராசவுண்ட் எடுங்கள். இத்தனை வருடம் கழித்து ஒரு பக்கம் நீர் கோத்தால், இம்ப்ளான்டைச் சுற்றி வரும் அரிதான ஒரு லிம்ஃபோமா (நிணநீர் செல்களின் புற்றுநோய்) இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். சொரசொரப்பான மேற்பரப்பு உள்ளவற்றோடுதான் அது பெரும்பாலும் தொடர்புடையது. அலெர்கன் கம்பெனி தன் 'பயோசெல்' வகையை 2019 ஜூலையில் திரும்பப் பெற்றது அதனால்தான். உறிஞ்சிய நீரைக் கொட்டிவிடாமல், செல் பரிசோதனைக்கும் சி.டி.30 (இந்தப் புற்றுநோய் செல்களில் தென்படும் அடையாளப் புரதம்) சோதனைக்கும் அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வரும் முன் இம்ப்ளான்ட் மாற்றும் பேச்சே வேண்டாம். உறுதியானால், உறையையும் இம்ப்ளான்டையும் முழுதாக எடுக்க வேண்டும். உறையைத் தாண்டிப் பரவாத நிலையில் பெரும்பாலோருக்கு அதுவே குணம் தரும்.

கேள்வி: 10 வருடம் ஆனால் கட்டாயம் மாற்ற வேண்டுமா? எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.
- வாசகி, சென்னை

பதில்: அப்படி விதி இல்லை. ஆனால் ஆயுள் முழுக்க வரும் பொருளும் அல்ல. உப்புநீர் இம்ப்ளான்ட் உடைந்தால் சில நாளில் சப்பிப்போவது கண்ணுக்கே தெரியும். சிலிக்கோன் சத்தமில்லாமல் உடையும். அதனால் வைத்த 5, 6 வருடத்தில் ஒருமுறை, பிறகு 2, 3 வருடத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ எடுக்கும்படி அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சொல்கிறது.

கேள்வி: அடுத்த மாதம் மறு அறுவை. என்ன தயாரிப்பு?
- வாசகி, சேலம்

பதில்: வீட்டில் யாராவது புகைத்தால் உங்கள் பக்கத்தில் வேண்டாம், நீங்கள் புகைப்பவரானால் குறைந்தது 4 வாரம் முன்பே நிறுத்துங்கள். சர்க்கரை கட்டுக்குள் வரட்டும். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளையும் மீன் எண்ணெய், வைட்டமின் இ-யையும் டாக்டரிடம் சொல்லுங்கள். இதயத்துக்காகச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். உறையை எடுத்தால், உள்ளே ஊறும் நீரை வெளியேற்றும் டிரெயின் குழாயோடு வீட்டுக்கு வரலாம். தினமும் எத்தனை மி.லி. வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 24 மணி நேரத்தில் 30 மி.லி.க்குக் கீழே வந்தால்தான் பொதுவாகக் குழாயை எடுப்பார்கள். நிறைந்த தண்ணீர்க் குடத்தை 6 வாரம் தொடாதீர்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது புது இம்ப்ளான்டின் ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி, செல்போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.