விவசாயிக்கு நியாயமான விலை கிடைக்க, இடைத்தரகர்களை ஒழித்தால் போதுமா?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயங்களைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். கடையில் நாம் கொடுக்கும் பணத்தில் விவசாயியின் கைக்கு ஏன் இவ்வளவு குறைவாகப் போய்ச் சேருகிறது என்பது ஒன்று. நடுவில் இருப்பவர்களை நீக்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடாதா என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு என் பதில், ஆகாது என்பதுதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், நடுவில் யாருமே இல்லாத ஓர் இடத்தில் நான் வேலை பார்த்திருக்கிறேன்.

ஆறு ஆண்டுகள் ஒரு பெரிய சில்லறை விற்பனை நிறுவனத்தின் கொள்முதல் கிடங்கில் தரச் சோதனையாளராக இருந்தேன். விவசாயிகளிடம் நேரடியாக வாங்குகிறோம் என்று அந்த நிறுவனம் பெருமையாக விளம்பரம் செய்தது. அது பொய்யல்ல. விடியற்காலை நான்கு மணிக்கு வண்டிகள் வரிசையில் நிற்கத் தொடங்கும். என் கையில் நிறம் ஒப்பிடும் அட்டை, விட்டம் பார்க்கும் வளையம், ஒரு தராசு. ஒவ்வொரு வண்டியிலும் சில கூடைகளை இறக்கச் சொல்லிப் பிரித்துப் பார்ப்பேன். குறிப்பிட்ட அளவுக்கு மேல் குறை இருந்தால் மொத்த வண்டியையும் திருப்பி அனுப்பலாம். விதி இவ்வளவுதான். விதியில் தவறு எதுவும் இல்லை, வாங்குகிறவர் தரம் பார்க்கத்தான் வேண்டும்.

ஆனால் விற்பனை மந்தமான நாட்களில் மேலிடத்திலிருந்து ஒரு தொலைபேசி வரும். "இன்றைக்குக் கொஞ்சம் கறாராகப் பாருங்கள்" என்பார்கள். அதற்கு என்ன பொருள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நேற்றுத் தேறிய அதே தோட்டத்துத் தக்காளி இன்று தேறாது. எவ்வளவு விற்கும் என்று கணக்குப் போட்டு ஆர்டர் கொடுத்தது நிறுவனம். கணக்குத் தப்பியதும் நிறுவனம்தான். நஷ்டம் மட்டும் தரக்குறைவு என்ற பெயரில் விவசாயியின் தலையில் இறங்கும்.

அப்படி ஒரு காலையில் வந்த ஓர் அம்மாவை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வண்டி நிறையத் தக்காளி. "அளவு போதவில்லை, எடுத்துக்கொள்ள முடியாது" என்று சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. "அந்த வளையத்தைக் கொடுங்கள் தம்பி" என்று கேட்டு வாங்கினார். கூடையிலிருந்து பழங்களை ஒவ்வொன்றாக எடுத்து வளையத்தின்மேல் வைத்தார். சிறிய பழமாக இருந்தால் வளையத்துக்குள் நழுவிக் கீழே விழ வேண்டும். பத்துப் பன்னிரண்டு பழங்கள் வைத்துப் பார்த்திருப்பார். ஒன்றுகூட விழவில்லை. வளையத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சரி, திருப்பி அனுப்புகிறோம் என்று காரணத்தோடு எழுதிக் கொடுங்கள்" என்றார். எழுதிக் கொடுக்க எனக்கு அனுமதி இல்லை. அதையும் அவரிடம் நான்தான் சொன்னேன். பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கூடைக்குக் கட்டிய முன்பணம், எல்லாம் அவருடைய செலவு. பறித்த பழம் காத்திருக்காது. பொழுது சாய்வதற்குள் யார் என்ன விலை கேட்டாலும் கொடுத்துத்தான் தீர்த்திருப்பார்.

இதில் இடைத்தரகர் யாரும் இல்லை. விலையைப் பற்றியும் அன்று யாரும் சண்டை போடவில்லை. ஒப்பந்தத்தில் இருந்தது நல்ல விலைதான். ஏற்றுக்கொள்ளாத சரக்குக்கு அந்த நல்ல விலையால் என்ன பயன்? எப்போது பணம் வரும், எந்தக் காரணத்துக்காகத் திருப்பி அனுப்பலாம், ஆர்டரை எத்தனை நாளுக்கு முன்னால் ரத்து செய்யலாம், கழிவு யார் கணக்கு என்ற நிபந்தனைகள் விவசாயிக்குச் சாதகமாக இல்லாவிட்டால், தாளில் எழுதிய விலை தாளிலேயே நின்றுவிடும்.

விவசாயியின் பங்கு எவ்வளவு என்ற கணக்குக்கு வருகிறேன். அமெரிக்க வேளாண்மைத் துறை இதை ஆண்டுதோறும் கணக்கிட்டு வெளியிடுகிறது. அந்த நாட்டில் உள்நாட்டு உணவுக்குச் செலவிடப்படும் ஒரு டாலரில் பண்ணைக்குப் போய்ச் சேருவது சுமார் 15 சென்ட். கேட்டதும் வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. ஆனால் மீதி 85 சென்ட் முழுவதும் கொள்ளை என்று சொல்லிவிட முடியாது. அதில் போக்குவரத்து, பதப்படுத்துதல், பொட்டலம், குளிர்பதனம், உணவகச் சமையல்காரரின் சம்பளம் வரை அடக்கம். நடுவில் இருக்கும் சிறு வியாபாரி பல நேரங்களில் விதைப்புக்கு முன்பணம் கொடுப்பவர், சிதறிக் கிடக்கும் சரக்கை ஒன்றுசேர்த்து வண்டி பிடிப்பவர். அவரை எடுத்துவிட்டால் அந்த வேலையை வேறு யாராவது செய்தாக வேண்டும், அதற்கும் காசு ஆகும். எத்தனை பேர் நடுவில் நிற்கிறார்கள் என்பதைவிட, வாங்குவதற்கு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பாருங்கள். விற்பவர் ஆயிரம் பேர், வாங்குபவர் மூன்று பேர் என்றால் அந்த மூவர் சொல்வதுதான் விலை. அதிலும் விவசாயி மாதக்கணக்கில் முன்கூட்டியே செலவு செய்துவிட்டு, அழுகும் பொருளோடு நிற்கிறார். வாங்குபவரால் நாளை வரை பொறுக்க முடியும். இவரால் முடியாது.

இதைச் சட்டத்தின் மூலம் தொட முடியும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஏப்ரலில் நிறைவேற்றிய உத்தரவு. வேளாண் மற்றும் உணவுப் பொருள் வணிகத்தில் நியாயமற்ற 16 வகை நடைமுறைகளை அது பட்டியலிடுகிறது. அவற்றில் 10 எந்தச் சூழலிலும் கூடாது. மீதி 6 முன்கூட்டியே தெளிவாக ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் செல்லும். அழுகும் பொருளுக்கு 30 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும், மற்றவற்றுக்கு 60 நாள். அழுகும் பொருளுக்கான ஆர்டரை 30 நாளுக்கும் குறைவான அவகாசத்தில் ரத்து செய்யக் கூடாது. ஒப்பந்த நிபந்தனைகளை வாங்குபவர் தன்னிச்சையாக மாற்றக் கூடாது. தன் கிடங்குக்கு வந்துசேர்ந்த பிறகு கெட்டுப்போன சரக்குக்கு, விற்றவர் தவறு இல்லாதபோது அவரிடம் பணம் பிடிக்கக் கூடாது. ஒப்பந்தத்தை எழுத்தில் உறுதிசெய்து தரும்படி விற்பவர் கேட்டால் மறுக்கக் கூடாது. புகார் செய்தவரைப் பழிவாங்கக் கூடாது. முதன்முதலாக இதை வாசித்தபோது என் கிடங்கின் தினக் குறிப்பேட்டை யாரோ எதிரில் வைத்துக்கொண்டு எழுதியதுபோல் இருந்தது.

பழிவாங்கலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நியாயம் கேட்கும் உரிமை காகிதத்தில் இருந்தாலும் விவசாயி வாய் திறப்பதில்லை, ஏனென்றால் அடுத்த பருவத்துக்கும் அதே வாசலில்தான் வந்து நிற்க வேண்டும். ஆறு ஆண்டுகளில் என் கிடங்கிலிருந்து எழுத்துப்பூர்வமாக ஒரு புகார்கூடப் போனதாக எனக்கு நினைவில்லை. மேலதிகாரிகள் அதை நற்சான்றாக நினைத்தார்கள். அது பயம். இதனால்தான் அந்த ஐரோப்பிய உத்தரவு, புகார் செய்பவரின் அடையாளத்தை அவர் கேட்டுக்கொண்டால் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அவர் சார்பில் உற்பத்தியாளர் அமைப்பே புகார் செய்யவும் வழி விடுகிறது.

பிரிட்டன் இந்த வழியில் முன்பே இறங்கியது. பெரிய மளிகை நிறுவனங்களுக்கான நடத்தை விதிகள் 2010இல் நடைமுறைக்கு வந்தன, அவற்றைக் கண்காணிக்கும் தனி நடுவர் பதவி 2013இல் உருவானது. 2016இல் அந்த நடுவர், டெஸ்கோ நிறுவனம் தனக்குப் பொருள் கொடுப்பவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை வேண்டுமென்றே தாமதப்படுத்தியதாகக் கண்டறிந்து வெளிப்படையாக அறிவித்தார். பெரிய நிறுவனம் ஒன்றைப் பெயர் சொல்லிக் கண்டிக்கும் துணிச்சல் ஒரு அரசு அமைப்புக்கு வந்ததே பெரிய விஷயம். ஆனால் அந்த விதிகளில் ஓர் ஓட்டை இருக்கிறது. நிறுவனத்துக்கு நேரடியாகப் பொருள் கொடுப்பவரை மட்டும்தான் அவை பாதுகாக்கின்றன. விவசாயி பொட்டலம் போடும் ஆலைக்கு விற்று, ஆலை கடைக்கு விற்றால், ஆலைக்குப் பாதுகாப்பு உண்டு, விவசாயிக்கு இல்லை. அழுத்தம் எப்போதும் ஒரு படி கீழே இறங்கி, அதற்குக் கீழே தள்ள யாரும் இல்லாதவரிடம் போய் நிற்கும்.

அந்த ஓட்டையை அடைக்க ஸ்பெயின் எடுத்த முயற்சி எனக்குப் பிடித்தது. 2020இன் தொடக்கத்தில் விவசாயிகள் டிராக்டர்களோடு சாலைக்கு வந்த பிறகு, உணவுச் சங்கிலிச் சட்டத்தை அரசு திருத்தியது. சங்கிலியில் இருக்கும் ஒவ்வொருவரும் தனக்கு முந்தைய கண்ணிக்கு, அவருடைய உற்பத்திச் செலவுக்குக் குறையாத விலை கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். நம் மொழியில் 'கட்டுப்படியாகும் விலை' என்று நாம் சொல்வதைச் சட்ட வாசகமாக ஆக்கினார்கள். நடைமுறையில் சிக்கல் உண்டு. யாருடைய செலவை எடுத்துக்கொள்வது? பாசன வசதி உள்ளவரின் செலவு ஒன்று, மழையை நம்பியவரின் செலவு வேறு. இருந்தாலும், அடக்க விலைக்குக் கீழே வாங்குவது சாமர்த்தியம் என்று கருதப்பட்டது போய் அது சட்டமீறல் ஆகிவிட்டது.

விலையை மட்டும் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குக் கோகோவைப் பார்க்கலாம். உலகின் கோகோவில் பாதிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா என்ற இரண்டே நாடுகளில் விளைகிறது. இரண்டும் கைகோத்து, 2020-21 பருவத்திலிருந்து டன்னுக்கு 400 டாலர் கூடுதல் தொகை கொடுக்க வேண்டும், அது விவசாயியின் வாழ்க்கைச் செலவுக்கானது என்று அறிவித்தன. வாங்கும் நிறுவனங்களும் ஒப்புக்கொண்டன. ஆனால் சந்தையில் தரத்துக்காகவும் பிறப்பிடத்துக்காகவும் தனியே சேர்த்துக் கொடுக்கும் இன்னொரு தொகை இருந்தது. அந்தத் தொகை சரியத் தொடங்கி, பூஜ்யத்துக்கும் கீழே போனது. வலது கையால் கொடுத்ததை இடது கை எடுத்துக்கொண்டது. 2024இல் உலகச் சந்தையில் கோகோ விலை டன்னுக்கு 10,000 டாலரைத் தாண்டியபோதும் அங்குள்ள விவசாயிக்கு அந்த ஏற்றம் முழுதாகப் போய்ச் சேரவில்லை. விளைச்சலின் பெரும்பகுதி முன்கூட்டியே பழைய விலையில் விற்கப்பட்டிருந்தது, விவசாயிக்கான விலை பருவத் தொடக்கத்திலேயே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. விலை இறங்கினால் காப்பாற்றும் அதே ஏற்பாடு, ஏறினால் தடுத்தது.

விவசாயிக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கிய பொருள் என்று காட்டும் நியாய வணிக (Fairtrade) முத்திரைகளைப் பற்றியும் கேட்பீர்கள். 1988இல் நெதர்லாந்தில் காப்பிக்காகத் தொடங்கிய முத்திரைதான் இதற்கு வழிகாட்டி. சந்தை எவ்வளவு வீழ்ந்தாலும் இதற்குக் கீழே போகாது என்ற தரை விலை அதன் உயிர்நாடி. அடுத்த ஆண்டே, ஒவ்வொரு நாடும் எவ்வளவு ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்திருந்த பன்னாட்டுக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை நின்றுபோய்க் காப்பி விலை சரிந்ததை நினைத்தால், அந்தத் தரையின் அருமை புரியும். ஆனால் முத்திரையோடு விற்கும் அளவுக்குத்தான் அந்த விலை. மீதி மூட்டைகள் பழைய சந்தைக்குத்தான் போகின்றன. நான் அந்த முத்திரை உள்ளதை வாங்குகிறேன். அதோடு கடமை முடிந்தது என்று நினைப்பதில்லை.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது, விற்பவர்கள் ஒன்றுசேர்வது. 1882இல் டென்மார்க்கின் ஹியெடிங் என்ற சிற்றூரில் பால் விவசாயிகள் கூடி ஒரு கூட்டுறவு வெண்ணெய் ஆலை தொடங்கினார்கள். அப்போது புதிதாக வந்திருந்த, பாலைச் சுழற்றி ஆடையைப் பிரிக்கும் இயந்திரம் இரண்டு மாடு வைத்திருப்பவருக்கு எட்டாதது. எல்லோருமாகச் சேர்ந்தபோது எட்டியது. இந்த இயக்கம் நாடு முழுவதும் பரவியபோது, எத்தனை மாடு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்பது அதன் அடிப்படை விதியாயிற்று. பாலைப் பதப்படுத்தும் இடம் தங்கள் கையில் இருந்ததால் கறாராகப் பார்க்கவோ தளர்த்திப் பார்க்கவோ வெளியிலிருந்து யாரும் தொலைபேசியில் சொல்ல முடியாது. கூட்டுறவுகளும் கெடும், சிலருடைய பிடிக்குள் போகும். தெரிந்தேதான் சொல்கிறேன்.

விவசாயிக்குக் கிடைக்கும் நியாயம் அவரிடம் கூலிக்கு வேலை செய்பவரிடமும் போய்ச் சேர வேண்டும். அமெரிக்காவின் புளோரிடாவில் தக்காளி பறிக்கும் தொழிலாளர்கள் போராடிப் பெற்ற ஏற்பாட்டில், தக்காளி வாங்கும் பெரிய நிறுவனங்கள் ஒரு பவுண்டு எடைக்கு ஒரு சென்ட் அளவில் கூடுதலாகக் கொடுக்கின்றன, அது கூலியோடு சேருகிறது. தொழிலாளரை ஒழுங்காக நடத்தாத பண்ணையில் அந்த நிறுவனங்கள் வாங்குவதில்லை. மேலே இருப்பவரின் வாங்கும் பலத்தை அமுக்குவதற்குப் பதிலாகக் காப்பாற்றுவதற்கும் பயன்படுத்த முடியும் என்று அது காட்டிவிட்டது.

அந்த வேலையை விட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. இப்போது ஒரு விவசாயிகள் குழுவுக்கு ஒப்பந்தம் எழுதுவதில் உதவுகிறேன். விலையைப் பேசுவதற்கு முன்பே மூன்று வரிகளை எழுதி மேசையில் வைத்துவிடுகிறோம். சரக்கு வந்திறங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் இருவரும் சேர்ந்து தரம் பார்த்துக் கையெழுத்திட வேண்டும், அதன் பிறகு திருப்பி அனுப்ப முடியாது. பணம் எந்தத் தேதியில் வரும் என்று எண்ணால் குறிக்க வேண்டும். மூன்றாவது வரியை எழுதும்போதெல்லாம் எனக்கு அந்த வளையமும் அந்த அம்மாவின் கையும் நினைவுக்கு வரும்: சரக்கை மறுத்தால், காரணத்தை அந்த இடத்திலேயே எழுதி, பெயர் போட்டுக் கையில் கொடுக்க வேண்டும். வாங்க வருகிறவர்களில் பலர் விலையில்கூட இறங்கி வருகிறார்கள். நீண்ட நேரம் வாதாடுவது இந்த மூன்றாவது வரிக்காகத்தான்.