சிடிஆர் ஃபைல் என்றார்கள், உள்ளே இருந்தது ஜேபெக்

கேள்வி: கும்பகோணத்தில் பித்தளை விளக்குக் கடை வைத்திருக்கிறோம், நானும் என் மனைவியும்தான் பார்த்துக்கொள்கிறோம். அப்பா கறுப்பு மையில் வரைந்த குத்துவிளக்குதான் கடைச் சின்னம். போர்டுக்கு வினைல் வெட்டுபவர் வெக்டார் ஃபைல் (புள்ளிகளாக இல்லாமல் கோடுகளாகவே சேமித்த படம்) கேட்டார் என்று ஒரு டிசைனருக்குப் பணம் கொடுத்து சிடிஆர் (கோரல்டிரா மென்பொருளின் ஃபைல்) வாங்கினேன். வினைல்காரர் திறந்து பார்த்துவிட்டு, "இது வெக்டாரே இல்லை சார், வெட்ட வராது" என்கிறார். டிசைனரோ "சிடிஆர்னாலே வெக்டார்தான்" என்கிறார். யார் சொல்வது சரி? பேசாமல் இல்லஸ்ட்ரேட்டர் என்ற வரையும் மென்பொருளுக்குச் சந்தா கட்டி நானே செய்துவிடலாமா?

பதில்: வினைல்காரர் சொல்வதுதான் சரியாக இருக்கும். சிடிஆர், பிடிஎஃப், எஸ்விஜி எல்லாமே வெறும் டப்பாதான். உள்ளே கோடுகளையும் வைக்கலாம், ஒரு ஜேபெக்கை அப்படியே ஒட்டியும் வைக்கலாம். கோரல்டிராவில் வியூ மெனுவில் வயர்ஃபிரேம் போட்டுப் பாருங்கள். விளக்கின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரிந்தால் வெக்டார், படம் படமாகவே நின்றால் ஏமாற்றிவிட்டார்கள். எஸ்விஜி ஃபைல் என்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள். பேஸ்64 என்று ஒரு சொல் வந்து, அதன் பின்னால் பக்கம் பக்கமாக அர்த்தமில்லாத எழுத்துகள் ஓடினால் உள்ளே படத்தை ஒட்டியிருக்கிறார்கள்.

பணம் விஷயம்: 'வெக்டார் வேண்டும்' என்று நீங்கள் கேட்ட வாட்ஸ்அப் செய்தியைக் காட்டி, திரும்பச் செய்துதரச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கிய சேவை 2019 நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்தும் தொழிலுக்கு அந்தத் தடை கிடையாது என்று அதே சட்டத்தில் இருக்கிறது.

இல்லஸ்ட்ரேட்டர் சந்தா வேண்டாம். ஒரே ஒரு சின்னத்துக்காக மாதாமாதம் கட்டுவது வீண். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் இலவசம், அதில் படத்தைக் கோடுகளாக மாற்றும் டிரேஸ் பிட்மேப் இருக்கிறது, பின்னால் வேலை செய்வது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ் என்ற நிரல், அது கறுப்பு வெள்ளைப் படத்துக்கென்றே செய்தது. உங்களுக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் முக்கால்வாசி வேலை ஸ்கேனில்தான். ஜெராக்ஸ் கடையில் "பிளாக் அண்ட் ஒயிட்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். படம் கறுப்பு வெள்ளைதானே என்று தோன்றும், ஆனால் அந்த மோடில் எது கறுப்பு, எது வெள்ளை என்று மெஷினே முடிவு செய்து மெல்லிய கோடுகளை விழுங்கிவிடும். கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்களோடு), 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), பிஎன்ஜி அல்லது டிஃப் ஃபைல் என்று கேளுங்கள். 8 செ.மீ. படம் அப்போது சுமார் 1,890 பிக்சல் வரும், தாராளம். பென் டிரைவில் வாங்குங்கள். வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவேன் என்றால் டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும். மொபைலில் படம் எடுத்தால் தாளின் ஒரு ஓரம் இருட்டடிக்கும், அந்த இருட்டும் மையாகிவிடும்.

டிரேஸில் பிரைட்னஸ் கட்ஆஃப் (எவ்வளவு கருமையை மையாக எடுப்பது என்ற எல்லை) எடுத்து, 0.45-இல் தொடங்குங்கள். கூட்டினால் கோடு தடிக்கும், குறைத்தால் மெலியும். ஸ்பெக்கிள்ஸைக் கூட்டினால் தூசிப்புள்ளிகள் போகும், அதோடு விளக்குத் தண்டில் அப்பா வைத்த பொடிப்புள்ளி வேலையும் போய்விடும், பார்த்துக்கொள்ளுங்கள். சுடரின் நுனி மழுங்கிவிட்டதா? ஸ்மூத் கார்னர்ஸைக் கொஞ்சம் குறையுங்கள், கூர்மை திரும்பும். அப்புறம் நோட் டூலை எடுத்துக் கோட்டைத் தொட்டுப் பாருங்கள், எறும்பு மொய்த்ததுபோல் நோடுகள் (கோட்டைத் தாங்கும் புள்ளிகள்) இருந்தால் வினைல் கத்தி நடுங்கி நடுங்கித்தான் வெட்டும். நோடுகளைக் குறைக்க சிம்ப்ளிஃபை கொடுத்தால் வடிவமும் கோணும், அதனால் திரும்ப ஸ்கேன் எடுப்பதே மேல். சின்னத்துக்குக் கீழே கடைப்பெயர் இருந்தால் அதை டிரேஸ் செய்யவே வேண்டாம், நல்ல எழுத்துருவில் புதிதாக அடித்துவிடுங்கள். இங்க்ஸ்கேப்பில் சிடிஆராகச் சேமிக்க முடியாது, எஸ்விஜி அல்லது பிடிஎஃப் கொடுங்கள், கோரலில் திறக்கும்.

இன்னொன்று, துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்ட் மட்டும்தான் என்றால் வெக்டாரே தேவையில்லை. அடிக்கும் அளவிலேயே 1,200 டிபிஐயில் சுத்தமான கறுப்பு வெள்ளைப் படம் இருந்தால் போதும். எல்லா வேலைக்கும் வெக்டார் செய்தே ஆகவேண்டும் என்று காசு பிடுங்குபவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: சிக்குக் கோலத்தை டிரேஸ் செய்து லேசரில் மரப்பலகையில் போட்டால், ஒரு இழை இரண்டு கோடாக வருகிறது. மெஷின் கோளாறா?

பதில்: மெஷின் மேல் தப்பில்லை. சாதாரண டிரேஸ் இழையின் இரண்டு ஓரங்களையும் தனித்தனியே வரையும், லேசர் இரண்டின் மேலும் ஓடும். இங்க்ஸ்கேப் 1.0-இலிருந்து சென்டர்லைன் டிரேசிங் இருக்கிறது, அது நடுவில் ஒரே கோடு போடும். ஆனால் இழைகள் குறுக்கே தாண்டும் இடங்களில் வளைவு சற்று உடையும், சிக்குக் கோலம் முழுக்க அப்படிப்பட்ட இடங்கள்தானே! ஸ்கேனை அடியில் வைத்து, பென் டூலில் ஒரு வளைவை மட்டும் ஒழுங்காக வரைந்து, காப்பி செய்து, திருப்பித் திருப்பி வைத்து இணைத்துவிடுங்கள். திருத்திக்கொண்டிருப்பதைவிட அதுதான் சீக்கிரம் முடியும்.